மேனர் வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுமுன்: பிரித்தானியத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிச் செல்லும் பள்ளிகள் பல, ஒரு பழைய மேனர் வீட்டையும், அதாவது நிலப்பிரபுவின் வீட்டையும், பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன. நல்ல வழக்கம்தான். ஆனால் அங்கே பிள்ளைகளின் கையில் கொடுக்கும் கேள்வித்தாள் பெரும்பாலும் ஒரே அச்சு: அப்போது ஆண்ட அரசர் யார், அறைகள் எத்தனை, பேய் உலாவும் அறை எது. இவற்றுக்கு விடை எழுத வீட்டைப் பார்க்கவே தேவையில்லை, வாசலில் தரும் துண்டுப் பிரசுரம் போதும். வீட்டையே ஒரு பாடப் புத்தகம்போல் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எழுதுபவர்கள் நாங்கள் பழைய மரச்சட்ட வீடுகளின் பழுதுபார்ப்பையும் வரலாற்றையும் தொழிலாகக் கொண்டவர்கள்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறோம். செஷையர் மாவட்டத்தில், கொங்கிள்டன் நகருக்குத் தென்மேற்கே நாலரை மைலில் இருக்கும் லிட்டில் மோர்ட்டன் ஹால். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கல் மாளிகைகளில் எலும்பு உள்ளே மறைந்திருக்கும். இந்த வீட்டில் எலும்பு முழுவதும் வெளியே தெரிகிறது. எது எதைத் தாங்குகிறது, எது எங்கே தோற்றுப்போனது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும்.

பேருந்தில் போகும்போதே ஒரு விடயத்தைச் சொல்லிவிடுங்கள். மேனர் என்ற சொல் முதலில் குறித்தது ஒரு நில அலகை. 1086இல் இங்கிலாந்தின் நிலங்களைப் பதிந்த டூம்ஸ்டே கணக்கே மேனர் மேனராகத்தான் பதிந்தது. பிரபு தனக்கென்று வைத்துக்கொண்ட வயல், குடியானவர்களின் துண்டு நிலங்கள், பொது மேய்ச்சல், ஆலை, இவற்றோடு ஒரு நீதிமன்றம். குடியானவனின் நில உரிமை அந்த நீதிமன்றத்தின் சுருளில் எழுதப்படும், அந்தப் பதிவின் நகல்தான் அவன் கையில் இருக்கும் உறுதி. இந்த நகல் உறுதி முறை சட்டப்படி ஒழிந்தது 1926 ஜனவரி 1 அன்றுதான். ஆகவே வீடு என்பது அந்த நிலத்தின் வரும்படியால் கட்டிய அலுவலகம் என்று சொன்னாலும் தப்பில்லை. மோர்ட்டன் குடும்பம் 1348இன் கொள்ளைநோய்க்குப் பிறகு மலிந்து கிடந்த காணிகளை வாங்கிப் பெருத்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களிடம் 1,360 ஏக்கர் இருந்தது. தானிய ஆலை, பழத்தோட்டங்கள், நீர்விசைச் சம்மட்டியோடு கூடிய இரும்பு உருக்குமிடம் எல்லாம் அதில் அடங்கும். வீட்டின் ஓக் மரத்தைப் பார்க்கும்போது பிள்ளைகள் இந்த ஏக்கரை நினைக்க வேண்டும்.

இனி நடைபாதை. இங்கேதான் பெரும்பாலான சுற்றுலாக்கள் சறுக்குகின்றன. அகழிப் பாலத்தைத் தாண்டி வாயில் கட்டடத்தின் வழியாக நுழைகிறீர்கள். அந்த வாயில் கட்டடம் 1560–62 வாக்கில் எழுந்தது. அதைக் கடந்து சிறிய கல்பாவிய முற்றத்துக்கு வந்தால் எதிரே நிற்பது 1504–08இல் முதலாம் வில்லியம் மோர்ட்டன் கட்டிய பெருங்கூடம். அதாவது வருகிறவர் வரலாற்றைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறார். வாயிலையும் மேலே தெரியும் நீண்ட சன்னல் வரிசையையும் பிறகு பார்க்கலாம் என்று பிள்ளைகளை நேரே முற்றத்தின் நடுவுக்குக் கொண்டுபோங்கள். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பெருங்கூடமும் கிழக்குப் பகுதியும், அடுத்து 1546இல் இரண்டாம் வில்லியம் மாற்றிக் கட்டிய மேற்குப் பகுதி, பிறகு 1559இன் சன்னல்கள், அப்புறம் அவர் மகன் ஜோன் கட்டிய, வாயில் கட்டடம் அடங்கிய தெற்குப் பகுதி, கடைசியாக 1610 வாக்கில் சேர்ந்த சிறு சமையலறையும் மதுவடிக்கும் அறையும். நூறு ஆண்டுக் கட்டட வேலையை முற்றத்தில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாலே முடித்துவிடலாம்.

அகழியைப் பற்றி ஒரு சொல். பத்து மீட்டர் அகலம். பகைவரைத் தடுக்க வெட்டியது என்று சொல்லிவிட்டு நகர வேண்டாம். இந்த வீடு வருவதற்கு முன்பே, 13 அல்லது 14ஆம் நூற்றாண்டில் வெட்டிய அகழி அது. கோட்டை மதில் இல்லாத இடத்தில் அகழி மட்டும் ஒரு படையையும் நிறுத்தாது. களிமண் நிலத்தில் அது வீட்டு மேடைக்கு மண் தந்தது, மழைநீரை வாங்கியது, மீன் வளர்த்தது, கழிவை ஏற்றது. எல்லாவற்றுக்கும் மேல், இங்கே இருப்பவன் பெரிய ஆள் என்று வழிப்போக்கனுக்குச் சொன்னது.

சுவருக்கு வருவோம். தச்சர்கள் ஓக் மரத்தை உலரவிடாமல் பச்சையாகவே அறுத்து இழைத்தார்கள். உலர்ந்த ஓக்கில் உளி எளிதில் இறங்காது என்பதுதான் காரணம். சட்டங்களைத் தரையில் கிடத்தி அளந்து, துளையும் அதற்குள் செருகும் முனையான கழுந்தும் வெட்டி, ஒவ்வொரு மூட்டுக்கும் ரோம எண் போலக் கீறி அடையாளம் இட்டு, பிரித்து, கட்டுமிடத்தில் மறுபடி கோத்தார்கள். நான்கைக் குறிக்க நான்கு கோடுகளே இருக்கும். தலைகீழாகப் பார்த்தாலும் குழம்பக்கூடாது அல்லவா. மரமுளை அடிக்கும் ஓட்டையிலும் ஒரு சூட்சுமம் உண்டு: கழுந்தின் ஓட்டையைத் தோள் பக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளித் துளைப்பார்கள். முளை உள்ளே போகும்போது கழுந்தை இழுத்து இறுக்கும். பசையும் வேண்டாம், இரும்பாணியும் வேண்டாம்.

பச்சை மரம் உலரும்போது சுருங்கும். நீளத்தில் கிட்டத்தட்ட மாற்றமே இராது. ஆனால் ஆண்டு வளையத்தின் போக்கில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது என்ற அளவுக்கும், மையத்திலிருந்து வெளிநோக்கி அதில் பாதி அளவுக்கும் சுருங்கும். 30 சென்ரிமீட்டர் அகல உத்தரம் இரண்டரை சென்ரிமீட்டர் வரை இழக்கலாம். ஆகவே மரத்தில் நீள்வாக்கில் ஓடும் வெடிப்பைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்பட வேண்டியதில்லை, அது மரத்தின் முதல் சில ஆண்டுகளிலேயே வந்தது. கவலைப்பட வேண்டியது மூட்டில் கழுந்து வெளியே தெரிந்தால், அல்லது அடிச்சட்டம் கறுத்து விரலுக்கு அமுங்கினால்.

சட்டங்களுக்கு இடையில் நிரப்பியதை விளக்க ஆங்கிலம் தேவைப்படாது. நம் ஊர் வரிச்சுச் சுவர்தான். மேல் சட்டத்தில் வரிசையாக ஓட்டை, கீழ்ச் சட்டத்தில் நீளப் பள்ளம். ஓக் குச்சியை மேலே செருகிக் கீழே தள்ளி நிறுத்தி, குறுக்கே ஹேசல் மிலாறைப் பின்னி, இரண்டு பக்கமும் களிமண், சாணம், வெட்டிய வைக்கோல் குழைத்து அப்பி, உலர்ந்தபின் சுண்ணாம்பு பூசுவார்கள். பள்ளியில் இதைச் செய்துபார்க்கலாம். 30 சென்ரிமீட்டர்ச் சதுரச் சட்டம், ஏழெட்டு சென்ரிமீட்டருக்கு ஒரு குச்சி, ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு பருமணல், இரண்டு கைப்பிடி வைக்கோல். களி கூடினால் உலரும்போது வெடிக்கும், மணல் கூடினால் உதிரும். வெயிலில் வைக்காமல் ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். அப்பும்போது இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் மறுபக்கம் கொட்டிவிடும். சுண்ணாம்பு வேலை மட்டும் பெரியவர்களுக்கு, அது கண்ணையும் தோலையும் எரிக்கும்.

பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது கறுப்பு வெள்ளையைப் பற்றி. செஷையர் வீடுகளின் கறுப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் ரசனை. பூச்சில்லாத ஓக் வெயிலிலும் மழையிலும் வெள்ளி நரையாகும். முகப்பு முழுக்க இருக்கும் மீன்முள் கோடுகள், நாலிதழ்ப் பூக்கள் இவற்றில் பலவற்றுக்குத் தாங்கும் வேலையே கிடையாது. அதிக மரம், அதிகத் தச்சுக் கூலி, அதைச் செலவழிக்க எங்களிடம் இருக்கிறது என்ற அறிவிப்பு. அந்தக் காலத்து ஒலிபெருக்கி.

இனித் தமிழ் ஆசிரியர்களுக்கென்றே வைத்ததுபோல ஒரு இடம். முற்றத்தைப் பார்த்த இரண்டு பெரிய துருத்துச் சன்னல்கள், கூரைகள் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு நெருங்கி நிற்கும். அவற்றின் மேல் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது. கடவுள் எல்லாவற்றிலும் எல்லாமாய் இருக்கிறார், இந்தச் சன்னல்கள் 1559இல் வில்லியம் மோர்ட்டனால் செய்யப்பட்டன என்று ஒரு வரி. தச்சன் ரிச்சர்ட் டேல் கடவுளின் அருளால் இந்தச் சன்னல்களைச் செய்தான் என்று இன்னொரு வரி. பணம் கொடுத்தவருக்கும் உளி பிடித்தவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். தமிழில் பெயர்த்துச் சொல்லும்படி பிள்ளைகளிடம் கேளுங்கள். வில்லியம் செய்வித்தார், ரிச்சர்ட் செய்தார். தன்வினை பிறவினைக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசன் "நாம் எடுப்பிச்ச" என்று பிறவினையில்தான் சொல்கிறான், கூடவே காட்டலாம். எழுத்துக்கூட்டலையும் கவனிக்கச் சொல்லுங்கள். தச்சனைக் குறிக்கும் சொல்லே அங்கே இன்றைய எழுத்தில் இல்லை. நம் பழைய கல்வெட்டுகளில் புள்ளி விட்டுப்போவதைப்போல, எழுத்து நிலைப்படாத காலம் அது. ஒரு எச்சரிக்கை: 1841 முதல் இந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்து நூறாண்டுக்கு மேல் இருந்த குடும்பத்தின் பெயரும் டேல். தச்சன் பரம்பரை என்று கதை கட்டிவிடாதீர்கள். பெயர் ஒத்துப்போவது உறவுக்குச் சான்றாகாது.

அதே சன்னல்களை உள்ளேயிருந்து பார்த்தால் ஒரு புதிர். வெளியே இரண்டு அடுக்குச் சன்னல், உள்ளே பெருங்கூடம் கூரை வரை திறந்து கிடக்கிறது. மேல் சன்னலில் நின்று பார்க்கத் தளம் எங்கே? பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தொடக்கத்தில் இந்தக் கூடத்தில் நடுவில் அடுப்பு எரிந்திருக்க வேண்டும், புகை கூரைக்குப் போனது, அதனால் தளம் போட முடியாது. 1559இல் குறுக்கே ஒரு மேல்தளம் போட்டார்கள், அதற்குத்தான் மேல் சன்னல். பிற்காலத்தில் தளத்தை எடுத்துவிட்டார்கள், சன்னல் மிஞ்சியது. பொருந்தாத ஒன்றைக் கண்டால் அங்கே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பழைய கட்டடம் படிக்கிறவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

சன்னல் கண்ணாடிகளை எண்ணச் சொல்ல வேண்டாம். ஈயச் சட்டத்தில் கோத்த துண்டுகள் மொத்தம் 30,004 என்று ஏற்கெனவே எண்ணிவைத்திருக்கிறார்கள். அதற்குப் பதில் வடிவங்களை வரையச் சொல்லுங்கள்: சதுரம், சாய்சதுரம், வட்டம், முக்கோணம். பெரிய கண்ணாடித் தகடு செய்ய முடியாத காலத்தில் சிறு துண்டுகளையே கோலமாக்கினார்கள்.

இனி மாடிக்குப் போகலாம். நெடுங்கூடம், 68 அடி நீளம், தெற்குப் பகுதியின் உச்சியில். மழை நாளில் நடந்து பழக, விளையாடக் கட்டிய இடம். சுவர்ப் பலகைக்குப் பின்னால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பந்துகள் அகப்பட்டிருக்கின்றன. இரு கோடியிலும் சாந்துச் சிற்பங்கள் உண்டு: ஒன்றில் சக்கரத்தோடு அதிர்ஷ்ட தேவி, அதை ஆள்வது அறியாமை. மற்றதில் ஊழ், அதை ஆள்வது அறிவு. இந்தப் படங்கள் ரொபர்ட் ரெக்கோர்ட் 1556இல் வெளியிட்ட வானியல் நூலிலிருந்து வந்தவை. கணக்கில் சமன் குறியை முதலில் அச்சிலேற்றியவரும் அவரே. ஊழைப் பற்றிய குறள்களைப் படித்த பிள்ளைகளுக்கு இங்கே பேச நிறைய இருக்கும்.

ஆனால் இந்தக் கூடம் நின்றுகொண்டிருப்பதே ஒரு அதிசயம். கட்டத் தொடங்கியபின் மனம் மாறி மேலே ஏற்றிய அடுக்கு என்றே இதன் அமைப்புக் காட்டுகிறது. அதன் மேல் கூரை ஓடல்ல, மணற்கல் பலகை. 60க்கு 40 சென்ரிமீட்டர், 3 சென்ரிமீட்டர் தடிப்பு என்று ஒரு பலகையை வைத்துக்கொண்டால் 17 கிலோ வரும். ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் படிய அடுக்குவதால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவையும் தாண்டும். மூத்த பிள்ளைகள் இந்தக் கணக்கை அங்கேயே போடலாம். இந்தச் சுமை கைமரங்களை வெளிப்பக்கமாகத் தள்ளியது, சுவர்கள் சாய்ந்தன. கீழ்த்தளங்களின் உத்தரங்கள் வளைந்தன, நெடுங்கூடத்துத் தரை அலையடிக்கிறது. தச்சனுக்குத் தொழில் தெரியாமல் வந்த கோணல் என்று எண்ண வேண்டாம். மூட்டுகள் நழுவாமல் வளைந்து கொடுத்ததால்தான் வீடு விழாமல் நிற்கிறது.

இதை வகுப்பறையில் காட்ட ஒரு தடித்த அட்டைப் புத்தகம் போதும். விரித்துக் கவிழ்த்துக் கூரைபோல் நிறுத்தி, முதுகில் அழுத்தினால் இரு பக்கமும் விலகும். கீழ் விளிம்புகளைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிவிட்டு மறுபடி அழுத்துங்கள், விலகாது. அந்த நூலின் வேலையைத்தான் கூரைச் சட்டங்களுக்கு இடையே ஓடும் குறுக்கு உத்தரங்கள் செய்கின்றன. அவை 17ஆம் நூற்றாண்டில், கட்டடம் பிளந்துவிடுமோ என்ற அச்சத்தில் சேர்த்தவையாக இருக்க வேண்டும். இரண்டாவது நூல் 1892க்குப் பிறகு வந்தது. குடும்பத்தின் கடைசி வாரிசுகளில் ஒருவரான எலிசபெத் மோர்ட்டன், ஒரு கன்னியாஸ்திரி, நெடுங்கூடத்துக்கு உருக்குக் கம்பிகளைச் செருகி நிலைநிறுத்தியவராக இருக்கலாம். நிலக்கரி போட்டுவைத்திருந்த சிற்றாலயத்தை மீட்டவர் அவரே. இந்த வீட்டில் கட்டிய ஆண்களின் பெயரைச் சொல்லும் சுற்றுலாக்கள் காப்பாற்றிய பெண்ணைச் சொல்லாமல் விடுவது எங்களுக்கு நெடுநாள் மனத்தாங்கல்.

காப்பாற்றியதில் இன்னொரு பங்கு வறுமைக்கு உண்டு. 1643இல் உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்ற மோர்ட்டன்களின் வீட்டைப் பாராளுமன்றப் படை எடுத்துக்கொண்டது. 1654இல் இறந்த மூன்றாம் வில்லியம் 3,000 முதல் 4,000 பவுண் வரை கடன் வைத்துப் போனார். 1670களின் கடைசியில் குடும்பமே வெளியேறிவிட்டது, விவசாயிகள் குத்தகைக்கு இருந்தார்கள். பக்கத்து நிலப்பிரபுக்கள் 18ஆம் நூற்றாண்டில் பழைய மரவீட்டை இடித்துச் செங்கல்லால் கட்டியபோது இவர்களிடம் அதற்குக் காசு இல்லை. காசு இருந்திருந்தால் இன்று நீங்கள் பார்க்கப் போவது இன்னொரு செங்கல் மாளிகையாக இருந்திருக்கும் என்பதே எங்கள் கருத்து. தளபாடங்களில் பழைய குடும்பத்துடையவை மூன்றே மூன்று: நீண்ட சாப்பாட்டு மேசை, பெரிய அலுமாரி, வட்ட மேசை. மற்றதெல்லாம் போய்விட்டது. எலிசபெத் 1912இல் இறந்தபோது, ஒருநாளும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு உறவினரான ஆயர் சார்ல்ஸ் ஏபிரகாமுக்கு எழுதிவைத்தார். 1938இல் அது பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நஷனல் ட்ரஸ்ட் கைக்கு வந்தது. 1976இல்கூட வரவேற்பறையில் பின்னாளைய பலகையை அகற்றியபோது அடியில் 16ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் கிடைத்தது. அதிலிருந்த ஓநாய்த் தலையும் ஜோனின் முதலெழுத்துகளும், அவர் இறந்த 1598க்கு முன் வரைந்தது என்று காலத்தைச் சொல்லிவிட்டன.

நீங்கள் வேறு மேனர் வீட்டுக்குப் போனாலும் மூன்று பொய்கள் கட்டாயம் காதில் விழும். உத்தரங்களில் வெற்று ஓட்டைகள் இருப்பதால் உடைத்த கப்பலின் மரம் என்பார்கள். கடலிலிருந்து தொலைவான ஊரில், சுற்றிலும் ஓக் காடு இருக்க, கப்பல் மரத்தை யார் இழுத்து வருவார்கள்? அவை எடுத்துவிட்ட வரிச்சுக் குச்சியின் ஓட்டைகள், அல்லது பழைய கட்டடத்தின் சட்டத்தைத் திரும்பப் பயன்படுத்திய தடம். சின்ன மறைவிடம் எல்லாம், கத்தோலிக்கம் தடைபட்ட காலத்தில் பாதிரியார் ஒளிந்த பொந்து என்பார்கள், பெரும்பாலும் அது அடைத்த புகைபோக்கியோ கழிப்பறைக் குழியோ. ஓக் மரம் காலப்போக்கில் இரும்பாகிவிடும், ஒன்றும் செய்யாது என்பார்கள். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த ஓக்கைத் தின்னும் வண்டு ஒன்று உண்டு. அதன் புழு பல ஆண்டுகள் மரத்துக்குள்ளேயே இருந்து குடையும். வளர்ந்த வண்டு தலையால் தட்டும் சத்தம் இரவில் கேட்கும், பேய்க் கதைகள் பலவற்றுக்கு மூலம் இதுவாக இருக்கலாம். சிமெந்தால் இடைவெளியை அடைத்த வீடுகளில் இதன் தொல்லை அதிகம். சுருங்கி விரியும் மரத்தோடு சிமெந்து அசையாது, ஓரத்தில் வெடிப்பு விழும், மழை உள்ளே போகும், பிறகு வெளியேற வழியிராது. சுண்ணாம்பானால் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுவிடும்.

போகுமுன் ஏற்பாட்டாளர்கள் செய்ய வேண்டியது சில. திறக்கும் நாளையும் ஒரே நேரத்தில் மாடிக்கு எத்தனை பேரை விடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள், நெடுங்கூடத்தில் ஓடவோ குதிக்கவோ விடாதீர்கள். தோள்பையை முதுகிலிருந்து கழற்றி முன்னால் மாட்டச் சொல்லுங்கள், திரும்பும்போது பழைய சாந்தில் உரசுவது அந்தப் பைதான். பேனா வேண்டாம், பென்சில் போதும். ஆளுக்கொரு சிறு கைவிளக்கு இருந்தால் நல்லது. அதை நேரே அடிக்காமல் சுவருக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தச்சன் கீறிய எண்களும் வாய்ச்சித் தழும்பும் நிழலாக எழும்பி வரும். முதல் எண்ணைக் கண்டுபிடிக்கும் பிள்ளை மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டட்டும்.

இப்படிக்கு,
பழைய மரச்சட்ட வீடுகளோடு வேலை செய்யும் தமிழர் சிலர்